முன்பற்களின் கறை: அழகுப் பிரச்சினையா, தண்ணீர்ப் பிரச்சினையா?

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இயங்கும் தனியார் பல் சிகிச்சை நிலையங்களின் முகநூல் விளம்பரங்களைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். இடது பக்கத்தில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்த முன்பற்கள். வலது பக்கத்தில் அதே வாய், வெள்ளை வெளேரென்ற பற்களுடன். கீழே ‘வெனியர்’ என்ற சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கமும். சில விளம்பரங்களில் தவணைமுறைக் கட்டண வசதியும் உண்டு.

இடது பக்கத்துப் படத்தைப் பார்த்தால் வன்னியில் வளர்ந்த எவருக்கும் தெரிந்தவர் ஒருவரின் முகம் நினைவுக்கு வரும். உடன் படித்தவர், மைத்துனி, கடையில் வேலை செய்யும் பெடியன் என்று யாராவது ஒருவர். அவர்களிற் பலர் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டு போவார்கள். படம் எடுக்கும்போது உதட்டை மூடிக்கொள்வார்கள்.

இந்தச் சிகிச்சை முறையை நான் எதிர்க்கவில்லை. தகுதியான பல் வைத்தியரின் கையில் அது நல்ல சிகிச்சை. என் கேள்வி அதற்கு வைக்கப்பட்டுள்ள பெயரைப் பற்றியது. கறை படிந்த முன்பல்லைச் சீராக்குவது நமது நாட்டில் ‘அழகுச் சிகிச்சை’ என்ற பெட்டிக்குள் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் போனதும் அது காசு உள்ளவரின் ஆசையாகிவிடுகிறது. அரசாங்க வைத்தியசாலையின் கடமைப் பட்டியலில் அது இல்லை. மீள்குடியேற்ற உதவித் திட்டங்களிலும் இல்லை. ஆனால் வவுனியாவிலும் அதைச் சுற்றியுள்ள வன்னியின் உட்பகுதிகளிலும் காணப்படும் பழுப்புப் பற்களில் பெரும் பங்குக்குக் காரணம், குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீர். அந்தத் தண்ணீரை அந்தக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களின் பெற்றோரிற் பலரும், போர் எங்கே கொண்டுபோய் இருத்தியதோ அங்கே இருந்த கிணற்றில்தான் அள்ளினார்கள்.

செட்டிகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவரைச் சந்தித்தேன். மேல் முன்பற்கள் நான்கிலும் குறுக்காகப் பழுப்புப் பட்டைகள். “நான் ஒரு நாளைக்கு மூண்டு தரம் பல்லு விளக்கிறனான் அக்கா. ரீச்சர் ஒராள் எல்லாருக்கும் முன்னால பிரஷ் வாங்கிக் குடுக்கட்டோ எண்டு கேட்டவ” என்றார். தாயாருக்கும் குற்றவுணர்வு இருக்கிறது. “பாற்பல்லு பால் மாதிரி வெள்ளையாத்தான் இருந்தது. பிறகுதான் பழுதாப்போச்சு. நாங்கள் கவனிக்காம விட்டிட்டம் போல” என்கிறார்.

அந்தத் தாய் எதையும் கவனிக்காமல் விடவில்லை. அவர் சொன்ன அந்த வரிசையே, பாற்பல் வெள்ளை, பிறகு வந்த பல் பழுப்பு, இந்த நோயின் அடையாளம்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் பல் புளோரோசிஸ். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் ஒளிந்திருக்கும் காலத்தில்தான் அவற்றின் வெளி ஓடு, எனாமல் என்று நாம் சொல்லும் மிளிரி, உருவாகிறது. அந்தக் காலத்தில் குழந்தை அளவுக்கு மிஞ்சிய புளோரைட்டை உட்கொண்டால் மிளிரி இறுகாமல் நுண்துளைகளோடு அமைந்துவிடும். மேல் நடு முன்பற்களைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தான காலம் ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டது. ஏனைய பற்களுக்கு இது எட்டு வயதளவு வரை நீளும். எட்டு வயதுக்குப் பிறகு எவ்வளவு புளோரைட்டுத் தண்ணீர் குடித்தாலும் முன்பற்களில் இந்தக் கறை புதிதாக வராது. பாற்பற்களின் மிளிரி பெரும்பாலும் கருப்பையிலும் பிறந்த முதல் மாதங்களிலும் உருவாகிவிடுவதால் அவை பொதுவாகத் தப்பிவிடுகின்றன.

இன்னொரு விடயமும் உண்டு. ஆறேழு வயதில் பல் முளைக்கும்போது அது பழுப்பாக இருப்பதில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல வெண்கோடுகளும் மங்கல் திட்டுகளுமாகத்தான் வெளியே வருகிறது. பின்னர் தேநீரிலும் உணவிலும் உள்ள நிறங்கள் அந்த நுண்துளைகளுக்குள் ஊறி, பத்துப் பன்னிரண்டு வயதளவில் பழுப்பாகிறது. கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வரும் பல்லைப் பார்க்கும் ஊரார், பிள்ளை பல் விளக்குவதில்லை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். உண்மையில் பிள்ளைக்கு இரண்டு வயதாக இருந்தபோதே விடயம் முடிந்துவிட்டது. எத்தனை பிரஷ் தேய்ந்தாலும் அது போகாது.

தண்ணீருக்குள் புளோரைட்டு எப்படி வருகிறது? பாறையிலிருந்து. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருக்கிறது. அங்குள்ள கிணறுகளின் தொல்லை உவர்ப்பும் நைத்திரேற்றும்தான். கல்சியம் மிகுந்த அந்த நீரில் புளோரைட்டு அதிகம் கரைந்து நிற்பதில்லை. வவுனியாவும் வன்னியின் உட்பகுதிகளும் பழைமையான பளிங்குருப் பாறைகளின் மேல் அமைந்தவை. அந்தப் பாறைகளிலுள்ள கருமைக்கா, கோண்பிளென்ட், அபற்றைட்டு போன்ற கனியங்களில் புளோரைட்டு இருக்கிறது. நீர் நெடுங்காலம் பாறை வெடிப்புகளில் தங்கினால் அது கரைந்து சேரும். ஆகவேதான் ஆழக் குழாய்க்கிணற்றில் பெரும்பாலும் அதிகமாகவும், ஆழமற்ற திறந்த கிணற்றில் குறைவாகவும் காணப்படுகிறது. ஒரே கிராமத்தில் அடுத்தடுத்த இரண்டு கிணறுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கலாம். வெயில் காலத்தில் அளவு மேலும் கூடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் நமது குடும்பங்களில் உள்ள ஒரு புதிருக்கு விடை கிடைக்கும். மூத்தபிள்ளை குடாநாட்டில் பிறந்து வளர்ந்தது, பல் சுத்தமாக இருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, பின் வன்னிக்குள் போன பிறகு பிறந்த இரண்டாவது பிள்ளையின் பல் பழுப்பாக இருக்கிறது. ஒரே தாய், ஒரே சமையல், ஒரே பற்பசை. மாறியது கிணறு மட்டும். இப்படியான சகோதரர்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதளவு. அடுத்த தொகுதி 2009 இல் கைக்குழந்தையாக இருந்து, முகாமிலும் அதன் பின் மீள்குடியேறிய காணியிலும் ஒன்றரை வயதையும் மூன்று வயதையும் கடந்தவர்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. நான் சந்தித்த மாணவி இந்தத் தொகுதியைச் சேர்ந்தவர். எந்தத் தண்ணீர் காரணம், முகாமில் கொடுத்ததா, வந்து இருந்த இடத்துக் குழாய்க்கிணறா என்று அவரது தாயால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது தொகுதி, மீள்குடியேற்றத்துக்குப் பின் பிறந்து இப்போது பாடசாலையில் இருப்பவர்கள்.

பாறைக்கு இனம் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். எல்லைக்கு அப்பால் மதவாச்சியிலும் பதவியாவிலும் அநுராதபுரத்தின் பல பகுதிகளிலும் சிங்கள விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே பற்கள்தான். வடமத்திய மாகாணம் நாட்டின் மிக மோசமான புளோரைட்டுப் பிரதேசங்களில் ஒன்று. பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்ற புவியிரசாயன ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே இதைப் பற்றி எழுதிவந்தார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், போர் நடந்த காலம் முழுவதும் வன்னியின் உட்பகுதிகளில் கிணறு கிணறாக மாதிரி எடுத்து அளக்கும் சூழல் இருக்கவில்லை. போர் முடிந்த பின் அவசர அவசரமாகக் குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. தண்ணீர் கிடைத்ததே பெரிது என்ற நிலை. நான் போன கிராமங்களில் அந்தக் கிணறுகளின் அருகே நிறுவனத்தின் பெயர், கொடையாளி நாட்டின் கொடி, ஆண்டு எல்லாம் எழுதிய பலகைகளைப் பார்த்தேன். புளோரைட்டு எவ்வளவு என்று எழுதிய பலகை ஒன்றைக்கூட இதுவரை பார்க்கவில்லை.

அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். ஆனால் அதே நிறுவனம், காலநிலையையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் பார்த்து நாடுகள் தமக்கான எல்லையை வகுக்கவேண்டும் என்கிறது. வெயிலில் வேலை செய்பவர்கள் அதிகம் குடிப்பார்கள். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம், 2013 ஆம் ஆண்டின் திருத்தப்படி, 1.0 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. இதற்கு மேல் நமது தேநீர்ப் பழக்கமும் சேருகிறது. தேயிலைச் செடி புளோரைட்டை இலையில் சேர்த்துவைக்கும் தன்மையுடையது. புளோரைட்டு மிகுந்த கிணற்று நீரில் சாயம் ஊற்றி, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு மிடறு வெறுந்தேநீர் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பால்மாவை அதே நீரில் கரைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். தாய்ப்பாலில் புளோரைட்டு மிக மிகக் குறைவு. தாய் எந்தத் தண்ணீர் குடித்தாலும் அது பெரிதாகக் கூடாது.

எல்லாக் கறையும் புளோரோசிஸ் அல்ல. கர்ப்ப காலத்திலோ எட்டு வயதுக்கு முன்னரோ ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகள் கொடுக்கப்பட்டிருந்தால் பல் சாம்பல், மஞ்சள் நிறப் பட்டைகளாக மாறலாம். வெற்றிலையும் புகையிலையும் மேற்பரப்பில் ஏற்றும் கறை வேறு; அது சுத்தம் செய்தால் போகும். நமது சமூகத்தில் நான் அதிகம் காணும் இன்னொரு வகை, ஒரே ஒரு முன்பல் மட்டும் கறுத்திருப்பது. பல்லில் பலமான அடி விழுந்து உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் இறந்துபோனால், மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அந்தப் பல் கறுக்கும். பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது பட்ட அடி, ஷெல் விழுந்து சுவர் சரிந்தபோது பட்ட அடி, இன்னும் சிலர் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத இடங்களில் வாங்கிய அடி. இந்தப் பல்லுக்கு முதலில் தேவை வேர்ச் சிகிச்சை. அதைச் செய்யாமல் மேலே வெள்ளையாக மூடினால் உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருக்கும். வேர்ச் சிகிச்சைக்குப் பின் பல்லின் உள்ளிருந்தே வெளிற வைக்கும் முறையும் உண்டு. பல சமயங்களில் அதோடு காரியம் முடிந்துவிடும்.

இனி வெனியருக்கு வருவோம்.

வெனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய ஓடு. பீங்கானாலானது என்றால் ஏறத்தாழ 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் தடிப்பு. நமது விரல் நகத்தின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1920களின் இறுதியில் கலிபோர்ணியாவில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர் ஹொலிவூட் நடிகர்களுக்காக இதைச் செய்யத் தொடங்கினார். படப்பிடிப்பு முடியும்வரை பசையால் ஒட்டிவைத்து, பிறகு கழற்றிவிடுவார்கள். நிரந்தரமாக ஒட்டவைக்க வழி தெரியவில்லை. 1955 இல் மைக்கேல் புவனகோர் என்பவர், மிளிரியை அமிலத்தால் அரித்தால் அதில் பிசின் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தபோதுதான் இன்றைய வெனியர் பிறந்தது. அந்தப் பீங்கானை அரிக்கப் பயன்படுவது ஐதரோபுளோரிக் அமிலம். புளோரினால் கெட்ட பல்லை மூடும் ஓட்டைத் தயார்படுத்துவதும் புளோரினின் அமிலம்தான் என்பதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

நல்ல முறையில் செய்த பீங்கான் வெனியர்கள் பத்து ஆண்டுகளின் பின்னும் பத்தில் ஒன்பது அளவு நிலைத்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நிறம் மங்காது, தேநீர்க் கறை ஏறாது. இவை உண்மை. விளம்பரத்தில் இடம்பெறாத உண்மைகளும் இருக்கின்றன.

முதலாவது, வெனியர் வைக்கப் பெரும்பாலும் பல்லின் மிளிரியைக் கொஞ்சம் சீவ வேண்டும். சீவிய மிளிரி திரும்ப வளராது. அதன் பின் அந்தப் பல் வாழ்நாள் முழுவதும் ஏதாவது ஒரு மூடியோடுதான் இருக்கவேண்டும். பதினெட்டு வயதில் வைத்தவர் முப்பத்தைந்திலோ நாற்பதிலோ மாற்றவேண்டிவரும், பின் மறுபடியும். ஒவ்வொரு முறையும் காசு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பல். இரண்டாவது, கறை ஆழமானதென்றால் மெல்லிய பீங்கானுக்குள்ளால் அது நிழலாகத் தெரியும். அதை மறைக்க ஒளிபுகாத, தடித்த பீங்கான் வேண்டும். அதற்கு இன்னும் ஆழமாகச் சீவ வேண்டும். மூன்றாவது, புளோரோசிஸ் உள்ள மிளிரி அமிலத்தால் எளிதில் அரிபடாது; கடுமையான நிலையில் ஒட்டுப்பிடிப்பு பலவீனமாக இருக்கலாம். இதை அறிந்த வைத்தியர் அதற்கேற்ப வேலை செய்வார். நான்காவது, ஈறு முழுமையாக நிலைகொள்ளாத இளவயதில் வைத்தால் பின்னர் ஈறோரத்தில் வரம்பு தெரியத் தொடங்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கல்யாணத்துக்கு முன் செய்துவிடுவோம் என்று அவசரப்படுவதற்கு இதிலே இடமில்லை.

அதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. இலேசான, நடுத்தரமான புளோரோசிஸ் என்றால் மேற்பரப்பின் பழுப்பை மிக மெல்லிய அளவில் அமிலமும் உராய்வுத் தூளும் கொண்டு தேய்த்து நீக்கும் நுண்ணுராய்வு முறை உண்டு. அதில் இழக்கும் மிளிரி வெனியருக்குச் சீவுவதிலும் மிகக் குறைவு. அதைத் தொடர்ந்து வைத்தியரின் மேற்பார்வையில் பெரொட்சைட்டுக் கொண்டு வெளிறச் செய்தல். வெண்திட்டுகளுக்குள் திரவப் பிசினை ஊறவைத்து மறைக்கும் முறையும் இப்போது இருக்கிறது. அதற்கும் போதாவிட்டால் கொம்பசிற் எனப்படும், குழி அடைக்கப் பயன்படும் அதே வெள்ளைப் பொருளால் முன்பக்கத்தை மூடலாம். பீங்கானைவிட விரைவில் மங்கும், ஓரம் உடையும். ஆனால் செலவு மிகக் குறைவு, பெரும்பாலும் பல்லை அதிகம் சீவத் தேவையில்லை, உடைந்தால் அதே கதிரையில் திருத்தலாம். முப்பது வயதில் கையில் காசு இருக்கும்போது பீங்கானுக்குப் போகும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். என் அபிப்பிராயத்தில் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வரிசைதான் நியாயமானது. நேரே பீங்கானில் தொடங்கச் சொல்லும் நிலையத்திடம் ‘ஏன்’ என்று கேட்கவேண்டும்.

விலை என்று வந்தால், பீங்கான் வெனியர் ஒன்றுக்கே பல பத்தாயிரம் ரூபாய். ஒரு பல்லை மட்டும் செய்தால் மற்றவற்றோடு பொருந்தாது. நான்கு அல்லது ஆறு பற்கள் என்று பேச்சு வரும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பல மாத வருமானம். ஆகவே இந்தக் காசு பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது; அதுவும் பெரும்பாலும் பெண் பிள்ளைக்கு, கல்யாணப் பேச்சுத் தொடங்கும்போது. ஆண் பிள்ளையின் பழுப்புப் பல்லுக்கு யாரும் காசு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. வெளிநாட்டில் ஆளில்லாத குடும்பத்துப் பெண், ஒரு சுப்பர் மார்க்கெற்றில் காசாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போய், வாயை மூடிக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வருகிறாள்.

காசு குறைந்த இடத்தைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் அண்மைய ஆண்டுகளில், பல் வைத்தியத் தகுதி எதுவுமின்றி ‘வெனியர் தொழினுட்பர்’ என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து வேலை செய்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிரித்தானியாவில் ‘துருக்கிப் பல்’ என்றொரு சொல்லே உருவாகிவிட்டது. மலிவு என்று போனவர்களிற் பலருக்கு வெனியர் என்ற பெயரில் முழு உறை போடப்பட்டது. முழு உறைக்குப் பல்லைச் சுற்றிவரச் சீவிக் குற்றிபோல ஆக்கவேண்டும். நல்ல பல்லுக்கு அது தேவையில்லாத சேதம். இலங்கையில் பல் வைத்தியம் செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. ‘நீங்கள் செய்யப்போவது வெனியரா, முழு உறையா? எவ்வளவு சீவுவீர்கள்?’ என்று கேட்பதும் அப்படித்தான். அழகு நிலையத்தில் இந்த வேலையைச் செய்யச் சட்டத்தில் இடமே இல்லை.

அரசாங்கப் பக்கம் என்ன இருக்கிறது? நமது பாடசாலைப் பல் சிகிச்சை முறை பழையது, பெறுமதியானது. 1950களிலிருந்து மகரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்துவருகிறார்கள். புளோரோசிஸ் உள்ள பிள்ளையை முதலில் காண்பவர்களும் அவர்களே. ஆனால் அவர்களின் வேலை சொத்தைப் பல்லை மையமாகக் கொண்டது. கறையைக் கண்டால் மேலே அனுப்புவதற்கு ஓர் இடம் வேண்டும். மறுசீரமைப்புப் பல் வைத்திய நிபுணர்கள் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சிகிச்சைப் பொருட்களின் தட்டுப்பாட்டை எல்லோரும் அனுபவித்தோம். வலியுள்ளவர் வரிசையில் நிற்கும்போது கறையுள்ளவரை யார் பார்ப்பது என்று வைத்தியர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எல்லோருக்கும் பீங்கான் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. நுண்ணுராய்வுக்கும் கொம்பசிற்றுக்கும் வேண்டிய பொருட்கள் விலை உயர்ந்த ஆய்வுகூடம் கேட்பவை அல்ல. புளோரைட்டு அதிகமென்று தெரிந்த பிரதேசங்களில், சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதில், நடுத்தரத்துக்கு மேற்பட்ட புளோரோசிஸ் உள்ள பிள்ளைக்கு மாவட்ட வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை கிடைக்கவேண்டும். இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்காமல், குடிநீரால் விளைந்த பாதிப்புக்கான சிகிச்சை என்று சுகாதாரத் திணைக்களம் பதிவேட்டில் எழுதினால்தான் அதற்கு நிதி கேட்க முடியும்.

இது ஒரு பக்கம். அடுத்த பக்கம் இன்று இரண்டு வயதில் இருக்கும் பிள்ளை. அந்த மாணவி என்னிடம் தன் பல்லைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. “அக்காவின்ர மகனுக்கு ஒண்டரை வயசு. அவனும் இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறான். கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம், பரவாயில்லைத்தானே?” என்று கேட்டார். பரவாயில்லை அல்ல. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அது செறிவாகும். துணியால் வடிப்பதாலும் சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியாலும் பயனில்லை.

பயனுள்ளவை சில. சிறுநீரக நோய்க்குப் பயந்து இப்போது பல கிராமங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம், மக்கள் ஆர்.ஓ. என்று சொல்வது, பொருத்தப்பட்டிருக்கிறது. அது புளோரைட்டையும் நீக்கும். ஆனால் நான் பார்த்த வீடுகளில் காசு கொடுத்து வாங்கும் அந்தத் தண்ணீர் பெரியவர்களுக்கு. பிள்ளையின் பால்மாவுக்கும் தேநீருக்கும் கிணற்று நீர், அதுதான் கொதிக்கிறதே என்ற எண்ணத்தில். பல்லைப் பொறுத்தவரை இது தலைகீழ். வாங்கக்கூடியது ஒரு கலன் மட்டும் என்றால் அதில் முதல் உரிமை வீட்டின் மிகச் சிறிய பிள்ளைக்கு. குளிக்கவும் துணி தோய்க்கவும் கிணற்று நீர் போதும், அதனால் பல்லுக்கு எதுவும் ஆகாது. மழைநீர்த் தாங்கி உள்ள வீடுகளில் சுத்தமாகச் சேகரித்த மழைநீரில் புளோரைட்டு இல்லையென்றே சொல்லலாம். சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பிய எளிய வடிகட்டி ஒன்றை 1990களில் நீர் வழங்கல் சபையின் ஆய்வாளர்கள் உருவாக்கிப் பயன்படுத்திக் காட்டினார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கல்லை மாற்றவேண்டும் என்பதுதான் அதன் சிரமம். மாற்றாவிட்டால் இருந்தும் பயனில்லை.

பற்பசையைப் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. புளோரைட்டுத்தானே பிரச்சினை, ஆகவே புளோரைட்டுப் பற்பசை வேண்டாம் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். அளவான புளோரைட்டு சொத்தையைத் தடுக்கிறது. அது நிறுவப்பட்ட விடயம். பிரச்சினை விழுங்குவதில். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை பயற்றளவு பற்பசை போதும், துப்பவும் பழக்கவேண்டும்.

நகரங்களுக்கு ஓரளவு விடிவு வந்திருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் நடந்த உலர்வலய நகர நீர் வழங்கல் திட்டத்தில் வவுனியாவும் மன்னாரும் சேர்க்கப்பட்டிருந்தன. குழாய் நீர் வரும் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் அதற்குச் சில மைல்கள் உள்ளே குழாய்க்கிணற்றை நம்பியிருக்கும் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் இன்னும் ஏழு ஆண்டுகளில் பல் வேறுபடும். குழாய் எப்போது உள்ளே வரும் என்று காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய மிகச் சிறிய வேலை, கிணற்றை அளப்பது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்கு நீர் மாதிரியைச் சோதிக்கின்றன. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகவும் கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ முன்பள்ளிப் பெற்றோரோ சேர்ந்து கேட்டால் ஒரு கிராமத்தின் பொதுக் கிணறுகள் அனைத்தையும் ஒரே தடவையில் சோதித்துவிடலாம். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குப் போகும்போது எந்தக் கிணற்று நீர் என்று கேட்டு எழுதிக்கொண்டால், பிள்ளைக்கு ஒன்றரை வயதாவதற்குள் மாற்று நீர் ஒழுங்கு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும். முடிவு வந்ததும் அந்த இலக்கத்தைக் கொடையாளியின் பெயர் எழுதிய அதே பலகையில், அள்ள வருபவர்கள் பார்க்கும் உயரத்தில் எழுதிவைக்கலாம். ஒரு டப்பா வர்ணம் போதும்.